சபர் போனவர் சர்க்கரையோடு திரும்புவது ஏன்? ராமநாதபுரக் கரைக்கும் வளைகுடா ரூமுக்கும் இடையிலான சாப்பாட்டுக் கணக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, எந்த ஊர்த் தெருவில் கேட்டாலும் இந்தக் குழப்பம் உண்டு. இருபத்தைந்து வயதில் மெடிக்கலில் 'ஃபிட்' வாங்கி, சபர் என்று சொல்லும் வெளிநாட்டுப் பிழைப்புக்காக விமானம் ஏறிய பிள்ளை, முப்பத்தைந்து வயதில் லீவுக்கு வரும்போது சுகர் மாத்திரையோடு வருகிறார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கல்லடைப்பு. இன்னொருவருக்கு பிரஷர் இருப்பதே, மறுபடி போவதற்கான பரிசோதனையில்தான் தெரிகிறது.

ஊரில் இதற்கு நான்கு காரணம் சொல்வார்கள்: அந்த ஊர்த் தண்ணீர், குப்பூஸ் என்ற மைதா ரொட்டி, பிராய்லர் கோழி, ஏசி. நான்கில் தண்ணீர் மீதான பழி முற்றிலும் தவறு. வளைகுடா நகரங்களில் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்த நீர். அதில் தாது உப்பு குறைவு. கல் உண்டாக்கும் சரக்கு அதில் இல்லை. மற்ற மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் எதுவும் தனியாக நோயைக் கொண்டுவருவதில்லை. யார் சமைக்கிறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், மெஸ் காசு எவ்வளவு, டியூட்டி எந்த வெயிலில் என்பவைதான் தட்டில் என்ன விழும் என்று தீர்மானிக்கின்றன. அதைப் புரிந்துகொண்டால் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று தெரியும்.

முதலில் சில எண்கள்

ரத்தச் சர்க்கரை: வெறும் வயிற்றில் 100 மி.கி.க்குக் கீழே இருந்தால் சரி. 126 மற்றும் அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நோய்க்கு முந்தைய நிலை. திருப்பிவிடக்கூடிய கட்டம் அதுதான்.

மூன்று மாதச் சராசரி: எச்பிஏ1சி என்று ரசீதில் எழுதியிருக்கும். சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பதால், சோதனைக்கு முன்தினம் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 6.5 மற்றும் அதற்கு மேல் நோய். ரத்தசோகை இருப்பவர்களுக்கு இந்த எண் தவறாகக் காட்டலாம். அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சோதனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும்: சிறுநீரகம் வேலை செய்கிறதா, கசிகிறதா என்று காட்டுபவை. சிறுநீரகம் பாதிக்கு மேல் கெடும்வரை உடம்பில் ஒரு அறிகுறியும் தெரியாமல் போகலாம் என்பதால் இந்தச் சோதனைகள் முக்கியம்.

இடுப்பு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. உடல் எடைக் குறியீட்டில் மேலைநாட்டாருக்கு 25 எல்லை, நமக்கு 23. அதே எடையில் நம்மவர்களுக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதிகம். 'ஆள் ஒல்லிதானே' என்று சொல்லிச் சோதனையைத் தள்ளிப்போடுவது இதனால்தான் ஆபத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். ஆகவே ஊரில் இருந்தாலும் ஆபத்து உண்டு. சபர் அதை முன்கூட்டியே இழுத்துவருகிறது.

கரையில் தட்டு எப்படி இருந்தது

பழைய சாப்பாடு எல்லாம் அமிர்தம் என்று சொல்வதற்கில்லை. மானாவாரியில் விளையும் சித்திரைக்கார் சிவப்பரிசி இந்த மாவட்டத்துக்கே உரியது என்றாலும், பெரும்பாலான வீடுகளில் இன்று வேகிறது தீட்டிய வெள்ளை அரிசிதான். கருவாட்டில் உப்பு ஏராளம். ஆனால் கரைச் சாப்பாட்டில் ஒரு ஒழுங்கு இருந்தது: சோறு தனியாக வராது. சாளை, சூடை, நெத்திலி, காரல் என்று விலை குறைந்த சிறுமீன் ஏதாவது ஒன்று ஆனத்தில், அதாவது குழம்பில், கிடக்கும். புளியும் முண்டு வத்தலும் சேர்ந்த அந்த ஆனத்தோடு, முருங்கைக்கீரையோ கத்தரிக்காயோ இருக்கும்.

நூறு கிராம் சாளையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பும் வைட்டமின் டி-யும் உண்டு. நெத்திலியை முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. புரதமும் நாரும் கூடவே இருந்தால் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும். தொதலும் வட்டலப்பமும் இனிப்புதான், ஆனால் அவை பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் உரியவை. தினப்படிச் சாப்பாட்டில் இடம்பெற்றதில்லை.

இடையில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 'கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாது' என்று சொல்லிச் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைப் பொட்டலம் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கருப்பட்டியில் தாதுக்கள் கொஞ்சம் உண்டு, சுவையும் உண்டு. ஆனால் அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிக்கு அதுவும் சீனியும் ஒரே கணக்கு.

ரூமில் அந்தத் தட்டு என்ன ஆகிறது

எட்டுப் பேர் தங்கும் ரூமில் முறைவைத்துச் சமைப்பார்கள், அல்லது கம்பெனி கேம்ப்பில் காண்ட்ராக்ட் சாப்பாடு வரும். இரண்டிலும் நடப்பது ஒன்றே. மலிவானது, சீக்கிரம் வேகுவது, எல்லோரும் மறுக்காமல் தின்பது ஆகிய மூன்று சல்லடைகளில் சலித்த பிறகு மிஞ்சுவது அரிசி, குப்பூஸ், உறைகோழி, உருளைக்கிழங்கு. மீன் நாறும் என்று பக்கத்துக் கட்டில்காரர் முகம் சுளிப்பார். கீரை ஆய யாருக்கும் நேரமில்லை. தட்டில் முதலில் மீனும் கீரையும் விழுந்துபோகின்றன. அந்த இடத்தை மாவுச்சத்து பிடித்துக்கொள்கிறது.

1. குப்பூஸ் கணக்கு. மெல்லிசாக, உப்பிக்கொண்டு, காற்றுப்போல இருப்பதால் ஏமாற்றிவிடும். நூறு கிராம் எடையுள்ள பெரிய குப்பூஸ் ஒன்றில் சுமார் 275 கலோரியும் 55 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. இரண்டு தின்றால் ஏறத்தாழ 400 கிராம் சோறு தின்றதற்குச் சமம். அவ்வளவு சோற்றைத் தட்டில் குவித்தால் கண்ணுக்குத் தெரியும். இரண்டு குப்பூஸ் 'லேசான டின்னர்' என்று தோன்றுகிறது. அதோடு தொட்டுக்கொள்வது ஊறுகாயும் தேநீரும் என்றால் புரதம் அநேகமாக இல்லை. தவிடு சேர்ந்த பழுப்புக் குப்பூஸ் கிடைக்கிறது. அதிலும் மாவுச்சத்து உண்டு, நார் மட்டும் கூடுதல். நிறம் மாறியதற்காக ஒன்று கூடுதலாகத் தின்றால் பலனில்லை.

2. குடிக்கும் சர்க்கரை. ரூம்காரர்கள் கணக்கில் வராமல் போவது இதுதான். கப்புக்கு இரண்டு ஸ்பூன் வீதம் ஐந்து டீ குடித்தால் 40 முதல் 50 கிராம் சீனி. 330 மில்லி கோலா ஒரு டின்னில் சுமார் 35 கிராம். தூக்கம் வராமலிருக்க நைட் டியூட்டிக்காரர் உடைக்கும் 250 மில்லி எனர்ஜி டிரிங்க்கில் சுமார் 27 கிராம். மூன்றையும் கூட்டினால் நூறு கிராமுக்கு மேல் போகிறது. ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சவுதியும் அமீரகமும் 2017இல் கோலா வகைக்கு 50 சதவீதமும் எனர்ஜி டிரிங்க்குக்கு 100 சதவீதமும் கலால் வரி போட்டது இந்தக் காரணத்துக்காகத்தான். பால், சீனி இரண்டையும் விட்டு எலுமிச்சை பிழிந்த சுலைமானிக்கு மாறினால் தட்டைத் தொடாமலேயே பாதிச் சிக்கல் குறையும். ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்கள் வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

3. நேரம். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, வெறும் டீயோடு பஸ் ஏறி, மதியம் அரைகுறையாகத் தின்று, இரவு பத்து மணிக்கு வயிறு நிறைய அடைத்து, உடனே படுப்பது. ஒரு நாள் உணவின் பெரும்பகுதி உடம்பு அசையாத நேரத்தில் போய்ச் சேருகிறது. கடையிலும் ஆபீசிலும் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் மோசம். வெயிலே படாத அவர்களுக்கு வைட்டமின் டி-யும் குறைந்துபோகும். சூரியன் கொளுத்தும் நாட்டில் இந்தக் குறைபாடு பரவலாக இருப்பதற்கு, ஏசி அறைக்குள்ளேயே நாள் கழிவது ஒரு முக்கியக் காரணம்.

கெட்டுப்போகும் கட்டுச்சோறு

கேம்ப் சாப்பாட்டைப் பற்றிய குறைகளில் பாதி உண்மையில் நேரம் பற்றியவை. மதியச் சாப்பாடு பல இடங்களில் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே சமைத்துச் சுடச்சுட டப்பாவில் அடைக்கப்படுகிறது. ஐந்து மணிக்கு பஸ், பிறகு சைட்டில் வெயிலோரம். திறப்பது பன்னிரண்டரைக்கு. சூடாக மூடிய சோறு மெல்ல ஆறும் அந்த ஒன்பது பத்து மணி நேரம் கிருமி பெருக வாட்டமானது. சோற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியா விடும் நஞ்சு, திரும்பச் சூடுபடுத்தினாலும் அழியாது. சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வெளியே இருக்கக் கூடாது என்பது பொதுவிதி.

வாடை வந்ததும் டப்பாவைக் கொட்டிவிட்டுப் பக்காலா என்ற மளிகைக் கடையில் குப்பூஸும் கோலாவும் வாங்கித் தின்கிறார் தொழிலாளி. இதை ஒழுக்கக் குறைவு என்று பேசுவது அநியாயம். அவர் வயிற்றைக் காப்பாற்றிக்கொள்கிறார். ரூமிலிருந்து கட்டிக்கொண்டு போகிறவர்கள் செய்யக்கூடியது:

- தேங்காய்ப்பால், தயிர், பருப்பு சேர்ந்தவற்றைப் பகல் டப்பாவுக்கு எடுக்க வேண்டாம். முதலில் கெடுவது அவைதான்.
- சோறு என்றால் புளிச்சோறு. புளிப்பு கிருமியின் வேகத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். கூட நிலக்கடலை சேர்த்தால் புரதமும் வரும்.
- சப்பாத்தியோடு உலர்ந்த கொண்டைக்கடலைச் சுண்டல், ஓடு உரிக்காத அவித்த முட்டை. இவை ஈரமான குழம்பைவிடப் பாதுகாப்பு.
- முந்தின இரவே உறையவைத்த ஒரு தண்ணீர்ப் பாட்டிலை டப்பாவோடு துணிப்பையில் வைத்தால் பெட்டி குளிர்ந்திருக்கும். மதியம் அது குடிநீர்.

வெயில், தண்ணீர், கல்

கடும் வெயிலில் உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டரும் அதற்கு மேலும் வேர்வையாகப் போகும். குடிப்பது அதைவிடக் குறைந்தால் சிறுநீர் சுண்டுகிறது. அதில் கரைந்திருந்த கால்சியமும் ஆக்சலேட்டும் யூரிக் அமிலமும் படிகமாகின்றன. கல் பிறப்பது இப்படித்தான். உறைகோழியும் ஆட்டிறைச்சியும் மட்டுமே தின்றால் யூரிக் அமிலம் கூடும்; உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும்; காய், பழம் இல்லாவிட்டால் கல்லைத் தடுக்கும் சிட்ரேட் குறையும். மூன்றும் ஒரே தட்டில் சந்திக்கின்றன.

தண்ணீர் குடிக்காததற்கு முதற்காரணம் சைட்டில் கழிப்பறை தூரம் என்பதுதான். போனால் மேஸ்திரி திட்டுவார் என்று பகல் முழுக்க அடக்குகிறார்கள். இதைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. தொழிலாளி தன் பங்குக்குச் செய்யக்கூடியது இவ்வளவு:

1. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கப், அதாவது 250 மில்லி. தாகம் எடுத்த பிறகு ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடிப்பது தவறு. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரலாம்.

2. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறம் போதும். தேயிலைச் சாறு நிறத்தில் போனால் உடம்பு ஏற்கெனவே வறண்டுவிட்டது. கல் வந்து போனவர்கள் நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எவ்வளவு வெளியேறுகிறது என்பதே கணக்கு.

3. நேரத்துக்குச் சாப்பிடுகிறவருக்கு வேர்வையில் போகும் உப்பு சாப்பாட்டிலேயே திரும்பிவிடும். பல மணி நேரம் தொடர்ந்து வேர்த்தால் ஓஆர்எஸ் பொட்டலம். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை நோயாளி இதைத் தினசரிப் பானமாக்கக் கூடாது. எலுமிச்சை பிழிந்த தண்ணீரே அவருக்குப் போதும். அதில் சிட்ரேட்டும் கிடைக்கும்.

4. கல் வந்துவிட்டது என்று பாலையும் லபன் என்ற மோரையும் நிறுத்துவது பழைய தவறு. சாப்பாட்டோடு சேரும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும். உப்புப் போடாத லபன் நல்லது.

நடுப்பகல் வேலைத் தடை சட்டப்படி உண்டு. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை. கத்தாரில் 2021 விதிகளின்படி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3:30 வரை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் கத்தாரில் எந்த நேரமானாலும் வேலை நிற்க வேண்டும். இந்த ஓய்வு நேரத்தைத்தான் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும்.

கல்லைவிடப் பயப்பட வேண்டியது, சத்தமில்லாமல் சிறுநீரகம் சுருங்குவது. வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய நேபாள இளைஞர்கள் டயாலிசிஸ் படுக்கைக்கு வந்துசேர்வது பற்றி அந்நாட்டு மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். மறுபடி மறுபடி உடம்பு வறளும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் இடுப்புவலிக்கு டைக்ளோஃபினாக்கோ புரூஃபெனோ போட்டால், மிச்சமிருக்கும் ரத்தக்குழாயையும் அது சுருக்கிவிடும். ஊரிலிருந்து பட்டை பட்டையாக வலி மாத்திரை கொண்டுபோய் ரூம் முழுக்கப் பங்கிடுவது தயவாகத் தோன்றும். வெயில் வேலைக்காரர்களுக்கு அது கேடு. கட்டாயம் வேண்டுமென்றால் அளவோடு பாராசிட்டமால்.

மெஸ் கணக்கை மாற்றுவது

'நல்லாச் சாப்பிடு' என்ற அறிவுரை ரூமில் செல்லாது. எட்டுப் பேருக்கு ஒரே சட்டி. தனி ஒருவர் பத்தியம் இருக்க முடியாது. மாற்ற வேண்டியது மாதச் சாமான் பட்டியல். அதை அளக்க எடைக்கல் தேவையில்லை. மாதத்துக்கு எத்தனை கேன், எத்தனை பாக்கெட் என்று பார்த்தாலே போதும்.

எண்ணெய்: ஆளுக்கு நாளைக்கு 25 கிராம் என்று வைத்தால் எட்டுப் பேருக்கு மாதம் 6 கிலோ, ஏறத்தாழ ஆறரை லிட்டர். மூன்று வேளையும் ரூமில் சமைத்தால் வரும் கணக்கு இது. இரவு மட்டும் சமைக்கும் ரூமில் ஐந்து லிட்டர் கேன் ஒரு மாதத்தில் தீர்ந்தால் எண்ணெய் மிதக்கிறது என்று அர்த்தம். இரண்டரை, மூன்று லிட்டருக்குள் நிற்க வேண்டும்.

உப்பு: உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஆளுக்கு நாளைக்கு 5 கிராம். எட்டுப் பேருக்கு மாதம் 1.2 கிலோ. இதில் பாதி குப்பூஸ், ஊறுகாய், கருவாடு, சூப் கட்டிகள் வழியே தானாக வந்துவிடும். எனவே ஒரு கிலோ உப்புப் பாக்கெட் குறைந்தது ஐம்பது நாள் வர வேண்டும். நன்றாக உப்பிட்ட கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் உப்பு இருக்கும். 25 கிராம் துண்டு ஒன்றே நாளின் பாதி ஒதுக்கீட்டைத் தின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு முறை நீர் மாற்றி, குழம்பில் உப்புப் போடாமல் வையுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் ரூமில் இருந்தால் கருவாடு வாரத்துக்கு ஒருமுறையோடு நிற்கட்டும்.

மீன்: ஒமான் கடலின் மத்தி நம் சாளையின் சொந்தக்கார மீன். வளைகுடாச் சந்தையில் மலிவான மீன்களில் அதுவும் ஒன்று. எட்டுப் பேருக்கு ஒரு கிலோ, வாரம் மூன்று நாள். நாற்றம் பற்றிய சண்டைக்கு வழி உண்டு: வறுக்காமல், புளிக் கரைசல் கொதித்த பிறகு மீனைப் போட்டு மூடிவைத்தால் எட்டு, பத்து நிமிடத்தில் வெந்துவிடும். எண்ணெய்ப் புகை இல்லாததால் வாடை பரவுவது குறையும். அதுவும் முடியாத ரூமில் டின் மத்தி, டின் சூரை. எண்ணெயை வடித்துவிட்டுச் சேர்க்கலாம்.

காய்: ஆளுக்கு 200 கிராம், எட்டுப் பேருக்கு 1.6 கிலோ. ஆய நேரமில்லாதவர்களுக்கு உறைநிலைக் கீரையும் வெண்டையும் பீன்ஸும் உண்டு. சத்தில் புதுக்காய்க்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. முறைக்காரர் மறந்துவிடாமலிருக்க, அரிசி உலையில் ஏறும்போதே காய்ச்சட்டியும் அடுப்பில் ஏற வேண்டும் என்று ரூமில் பேசிவைத்துக்கொள்வது நல்ல வழி.

பயறு: ஒரு வேளைக்கு எட்டுப் பேருக்கு 250 முதல் 300 கிராம் பருப்பு. அரபிகள் காலையில் தின்னும் ஃபூல் என்ற அவரை வகை மலிவான புரதம். டின்னில் வாங்கினால் உப்பு நீரைக் கொட்டிக் கழுவிவிட வேண்டும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் மட்டும் ஃபூலைத் தொடக் கூடாது. சிவப்பணு உடைந்து மஞ்சள்காமாலை வரலாம்.

பஹ்ரைன், சவுதி, ஈரான் கடல்களில் கூலிக்கு மீன்பிடிக்கும் நம் கரையாட்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை, காய்க்கும் நல்ல தண்ணீருக்கும்தான் பஞ்சம். முட்டைக்கோஸ், பூசணி, கேரட், எலுமிச்சை நாள்பட நிற்கும். ஒரு துணியில் சிறுபயறு முளைகட்டினால் படகிலேயே பச்சைக் காய் கிடைத்த மாதிரி.

நோன்பு மாதம்

நோன்புக்கஞ்சி நல்ல உணவு. அரிசியோடு சிறுபருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி சேர்ந்த அந்தக் கஞ்சி ஒரு கோப்பை, நீரும் புரதமும் ஒருசேரத் தரும். கெடுப்பது அதைச் சுற்றி வரும் சமோசா, வடை, சர்பத்து, பிறகு இரவு மந்தி என்ற அரபு இறைச்சிச் சோறு. ஒன்றிரண்டு பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, தொழுகை, அதன்பின் அளவான சாப்பாடு என்ற வரிசை போதும். சஹர் என்ற விடியலுக்கு முந்தைய சாப்பாட்டைத் தவறவிட்டு நோன்பு பிடிப்பது சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமிபிரைடு வகையும் இன்சுலினும் அப்படியல்ல. நோன்பு தொடங்க ஆறேழு வாரம் முன்பே மருத்துவரிடம் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்க வேண்டும். சர்க்கரை 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்கின்றன மருத்துவ நெறிமுறைகள். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பது அறிஞர்கள் பலரின் நிலைப்பாடு. ஆகவே தயங்காமல் பாருங்கள்.

லீவும் பரிசோதனையும்

லீவு நாற்பத்தைந்து நாள் என்றால் நாற்பது விருந்து. மறுக்கவும் முடியாது, மறுத்தால் மனம் கோணும். ஆனால் சோதனையை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். அப்போது எடுக்கும் மூன்று மாதச் சராசரி, வெளிநாட்டு வாழ்க்கை எப்படிப் போகிறது என்பதைக் காட்டும். லீவு முடிகையில் எடுத்தால் ஊர்ச் சாப்பாடும் அதில் கலந்துவிடும். கூடவே கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின், கொழுப்பு, ரத்த அழுத்தம். சகன் என்ற பெரிய பொதுத் தட்டில் நாலுபேர் சேர்ந்து தின்னும்போது தன் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் கறியையும் காயையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வருவது நல்ல உத்தி. சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

மெடிக்கலில் அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில் நோயை மறைப்பவர்கள் உண்டு. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் பெரும்பாலும் தடையாகிறது. மூன்று மாதம் முன்பே தொடங்கி மருந்தாலும் உணவாலும் எண்ணைக் கீழே கொண்டுவருவதே வழி. மருத்துவரிடம் 'வெயிலில் வேலை' என்று தவறாமல் சொல்லுங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளும் பிரஷருக்கான நீர் மாத்திரைகளும் உடம்பு நீரை வெளியேற்றும். கட்டட வேலைக்காரருக்கு அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம்.

பெட்டியில் கவனிக்க வேண்டியவை

கசகசா வேண்டாம். அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் பட்டியலோடு சேர்ந்தது. குருமாவுக்கு வாங்கிய ஒரு பொட்டலம் சிறைக்கு வழிகாட்டும். அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கால் எரிச்சலுக்கு நம் மருத்துவர்கள் எழுதும் மெத்தில்கோபாலமின் மாத்திரையில் பலமுறை பிரிகாபாலின் கலந்திருக்கும். இங்கே அது சாதாரணம். அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம் ஆகியவையும் அப்படித்தான். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. மற்ற மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிரிக்காமல், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்து வீணாகலாம்.

திரும்பி வரும் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பவுடர் ஜூஸ், சாக்லேட், பால்பவுடர் என்று அதில் வருவதில் பாதி சர்க்கரை. வீட்டில் இருக்கும் மனைவிக்கும் பெற்றோருக்கும் நடை குறைந்து, பேக்கரிப் பண்டம் பெருகியிருக்கும் நேரத்தில் வந்துசேர்கிறது அது. கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 140 மற்றும் அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை வேண்டும். சாக்லேட்டுக்குப் பதில் பாதாமும் பிஸ்தாவும் வாங்கலாம். ஒரு குளுக்கோமீட்டர் அதைவிட நல்லது.

மீட்டர் வாங்கினால் எந்த அலகில் காட்டுகிறது என்று பார்த்து வாங்குங்கள். வளைகுடாவில் சில கருவிகளும் ஆய்வக அறிக்கைகளும் நம் ஊர் மில்லிகிராமில் இல்லாமல் மில்லிமோல் அலகில் எண் தரும். அதை 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். வெறும் வயிற்றில் 7.0 என்று காட்டியதைப் பார்த்து, சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துவிட்டது என்று பயந்து வாப்பாவுக்குச் சீனித் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். 7.0 என்றால் 126.